கைமடி வசந்தாமணியின் மூன்றாவது கை

இதைச் சொல்ல வாயெடுக்கும்போதெல்லாம் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்கிற பயம்தான் வசந்தாமணிக்கு முதலில் வரும், கையிலிருந்து தொடங்கினால் பெருமையடித்துக்கொள்கிறாள் என்பார்கள், கம்பெனியிலிருந்து தொடங்கினால் சோறு போடுகிற இடத்தைக் குறை சொல்கிறாள் என்பார்கள், வீட்டுக்காரரின் இடுப்பிலிருந்து தொடங்கினால் அந்த மனுசன் உள்ளே படுத்துக்கொண்டே "எம்பட இடுப்பு உனக்கு என்ன பண்ணுச்சு?" என்று கேட்பார், இத்தனையும் யோசித்து முடிப்பதற்குள் கதை கேட்க வந்தவர்கள் டீயைக் குடித்துவிட்டுப் போயே போய்விடுவார்கள். ஆனால் எங்கே சுற்றினாலும் அது தொடங்கியது அந்த இடுப்பில்தான், அவர் கோபித்துக்கொண்டாலும் அதை மாற்ற முடியாது.

அவள் வீட்டுக்காரர் துரைசாமி திருப்பூரில் பனியன் துணி மூட்டைகளை லாரியில் ஏற்றி இறக்குகிறவர். ஒருநாள் மூட்டையைத் தூக்கக் குனிந்தவர் குனிந்தபடியே நின்றுவிட்டார், கூட வேலை செய்தவர்கள் ஒரு நாற்காலியைத் தூக்குவதுபோல அவரை அப்படியே தூக்கிவந்து கட்டிலில் வைத்துவிட்டு, "பாத்துக்கங்க்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள், நாற்பதைத் தாண்டியவள், கேஸை அணைத்தோமா என்று பார்க்கப் பாதி வழியில் திரும்பி வருகிறவள், பூட்டிய பூட்டை இழுத்துப் பார்த்து, இழுத்துப் பார்த்ததை மறந்து மறுபடியும் இழுத்துப் பார்க்கிறவள், அதுவரை அடுத்தவர் கூரையின் கீழ் ஒருநாள்கூடக் கூலிக்கு நின்றறியாத வசந்தாமணி, இப்படித்தான் பனியன் கம்பெனிக்கு வேலைக்குப் போனாள்.

அவர்கள் குடியிருந்த லைன் வீட்டில் எல்லோரும் ஏதோ ஒரு கம்பெனியில் வேலை செய்தவர்கள் என்பதால், அவள் புறப்பட்ட முதல் நாள் காலையில் குழாயடியில் அறிவுரைக்குப் பஞ்சமில்லை. ஆரம்பத்தில் எடுக்கிற பேர்தான் கடைசி வரைக்கும் கூட வரும் என்றார் ஒருவர். ஒரு மாசம் பல்லைக் கடித்துக்கொண்டு நல்ல பேர் எடுத்துவிட்டால் அப்புறம் அந்தப் பேரே வேலையைப் பார்த்துக்கொள்ளும் என்றார் இன்னொருவர். சோப்பு நுரையோடு நின்ற பக்கத்து வீட்டு கலாமணி, "எல்லாத்தையும் விடுங்க்கா, யாரு எது கேட்டாலும் முடியாதுன்னு மட்டும் சொல்லிப்போடாதீங்க" என்றாள். மற்றதெல்லாம் காற்றில் போய்விட்டது, இது மட்டும் வசந்தாமணிக்குள் போய் உட்கார்ந்துகொண்டது.

கம்பெனியில் டெய்லர் தைப்பார், அவருக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து துணியை மடித்து, ஜோடி சேர்த்து, அவர் கை நீட்டும்போது கைக்கு வருகிற மாதிரி கொடுத்து, தைத்து விழுவதை எடுத்துப் பிசிர் வெட்டி அடுக்குகிறவளுக்குக் கைமடி என்று பெயர். பார்க்கச் சின்ன வேலை, ஆனால் கைமடி ஒரு நிமிடம் மூக்கைச் சொறிந்தால் டெய்லரின் மிஷின் நிற்கும், மிஷின் நின்றால் டெய்லர் முகம் போகும், டெய்லர் முகம் போனால் சூப்பர்வைசர் வந்து நிற்பார். சூப்பர்வைசர் நவநீதன் அவளுக்கு மகன் வயது, காதில் பேனா சொருகியவன், "ஒரு மாசம் பாக்கலாங்க்கா. கை வேகமா இருந்துச்சுன்னா நிலையா வெச்சுக்கறோம், இல்லீன்னா தப்பா நெனச்சுக்காதீங்க" என்று சொல்லி ஜெயபால் என்கிற டெய்லரிடம் அவளை விட்டான்.

அன்றிலிருந்து அவள் யாருக்கும் எதற்கும் முடியாது என்று சொல்லவில்லை. நூல் எடுத்துட்டு வாங்க்கா என்றார்கள், எடுத்து வந்தாள், தண்ணி கேனை மாத்துங்கக்கா என்றார்கள், மாற்றினாள், அந்த மூட்டையை இங்கே, இந்த மூட்டையை அங்கே என்றார்கள், இங்கேயும் அங்கேயும் வைத்தாள், ஜெயபால் கத்தரி கேட்கும்போது இரண்டு கையிலும் துணி இருக்கும், துணி கேட்கும்போது இரண்டு கையிலும் கத்தரியும் நூலும் இருக்கும், வீட்டுக்கு வந்து படுத்தால் கனவிலும் யாராவது எதையாவது கேட்டார்கள், அவளும் சரிங்க சரிங்க என்று சொல்லிக்கொண்டே தூங்கினாள். வலது அக்குளுக்குக் கீழே ஒரு அரிப்பு இருந்தது, பஞ்சுத் தூசியாக இருக்கும் என்று தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டாள்.

ஒருநாள் காலை, அவள் இரண்டு கையாலும் ஒரு பண்டலை உதறிக்கொண்டிருந்தபோது, ஜெயபால் மிஷினிலிருந்து தலையைத் திருப்பாமல் "கத்தரி" என்று கையை நீட்டினான், கத்தரி அவன் கைக்கு வந்தது, நூலை வெட்டிவிட்டுத் திருப்பி நீட்டினான், அது வாங்கிக்கொள்ளப்பட்டது. டீ மணி அடிக்கிற வரைக்கும் இப்படியே வேலை ஓடியது, மிஷின் ஒருமுறைகூட நிற்கவில்லை. டீ கிளாஸை வாங்கும்போதுதான் பக்கத்து டேபிள் கைமடி பேச்சித்தாய் பார்த்தாள்.

பேச்சித்தாய் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து புருசன் பிள்ளைகளோடு வந்தவள், கையைவிட வாய் வேகம்.

"எக்கா," என்றாள், "ஒங்களுக்குக் கை ஒண்ணு கூடியிருக்கே."

வசந்தாமணி குனிந்து பார்த்தாள். ரவிக்கைக்கும் கொசுவத்துக்கும் நடுவிலிருந்து முழுசாக ஒரு கை, முழங்கை, மணிக்கட்டு, ஐந்து விரல், எல்லாம் அவளுடைய நிறத்திலேயே வந்து, ஒரு பிஸ்கட்டைப் பிடித்துக்கொண்டிருந்தது.

"ஐயோ, யாராச்சும் பாத்தாங்களா?"

"பாத்தா என்னக்கா? வேல செய்யத்தான வந்திருக்கு. சும்மாவா நிக்கிது?"

நவநீதன் வந்து பார்த்தான். காதுப் பேனாவை எடுத்து அந்தக் கையிடம் நீட்டினான், அது வாங்கிக்கொண்டது, திருப்பிக் கேட்டான், கொடுத்தது. "நல்லதுதானுங்க்கா" என்று சொல்லிவிட்டு அடுத்த லைனுக்குப் போய்விட்டான்.

இப்படித்தான் கம்பெனி அந்தக் கையை ஏற்றுக்கொண்டது. கஷ்டப்பட்டது ஆபீஸ்தான், ஏனென்றால் உள்ளே வரும்போது விரல் வைக்கிற மிஷினில் வசந்தாமணி விரல் வைத்துத் திரும்புவதற்குள் அந்தக் கையும் அவசரமாகத் தன் விரலை வைத்துவிடும், பெயர் தெரியாத ஒரு ஆள் வேலைக்கு வந்துவிட்டதாக மிஷின் எடுத்துக்கொள்ளும், அந்த ஆளைக் கம்பெனி முழுக்கத் தேடிப் பார்த்து ஓய்ந்த பிறகு, சம்பளம் கிடையாது ஆனால் டீ உண்டு என்று ஆபீஸில் முடிவு செய்தார்கள். கைக்கென்று வந்த டீயைப் பேச்சித்தாய் குடித்தாள். "கைக்கு வாய் இல்லேல்லக்கா, எனக்கு ரெண்டு வாய்க்கு இருக்கு" என்றாள்.

வெளியே உலகமும் அப்படியே ஏற்றுக்கொண்டது. ரவிக்கை தைக்கிற அம்மா மூன்றாவது கைக்கு அளவெடுத்துவிட்டு, "இதுக்கு பஃப் வேணாமுங்க, இடிக்கும்" என்றாள். வளையல்காரர் ஒற்றைக் கைக்கு வளையல் விற்க மாட்டேன் என்று கொஞ்ச நேரம் முறுக்கிக்கொண்டு, பிறகு அது வலது கையா இடது கையா என்று தெரிந்தால் விற்கிறேன் என்றார். அதைத்தான் யாராலும் சொல்ல முடியவில்லை, வலது பக்கம் முளைத்திருந்தாலும் கட்டைவிரல் இடது கையின் கட்டைவிரல் மாதிரி திரும்பியிருந்தது. மாரியம்மன் கோயிலில் அந்தக் கை பிரசாதத்துக்கு நீண்டபோது பூசாரி தயங்கினார், வரிசை நின்றது, பின்னால் நின்ற பெண்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசினார்கள், கடைசியில் பூசாரி "சோத்தாங்கைப் பக்கம் குடியிருக்கறதால சோத்தாங்கைன்னே வெச்சுக்கலாமுங்க" என்று திருநீற்றைப் போட்டார், அதோடு ஊரில் அந்தப் பேச்சு முடிந்தது. டிஸ்பென்சரி டாக்டர் வலிக்கிறதா என்று கேட்டார், இல்லை என்றாள், அப்புறம் எதுக்கும்மா வந்தீங்க என்றார், உடம்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார். துரைசாமி கட்டிலில் படுத்தபடி அதைத் தொட்டுப் பார்த்து, "இடுப்பு நீவறதுக்கு நல்லா இருக்கும்போல" என்றார், அது நீவியது, நன்றாகவே நீவியது.

வசந்தாமணியின் பேரும் ஏறியது. ஜெயபாலின் டேபிளில் பீஸ் மலைபோலக் குவிந்தது, மற்ற டெய்லர்கள் எட்டிப் பார்த்தார்கள், அடுத்த லைன் சூப்பர்வைசர்கள் நவநீதனிடம் அந்தக்காவை ஒருநாள் இந்தப் பக்கம் அனுப்பு என்று கேட்டார்கள், வசந்தாமணி முடியாதுன்னே சொல்லமாட்டாங்க என்று ஒரு பேச்சு கட்டிங்கிலிருந்து அயர்னிங் வரைக்கும் போய்த் திரும்பி அவளிடமே வந்தது. அவள் சந்தோசப்பட்டாள். சந்தோசப்பட்டு முடித்த உடனே கவலைப்பட்டாள், ஏனென்றால் இந்தக் கை வந்த மாதிரி ஒருநாள் போய்விட்டால் இந்தப் பேரை வைத்துக்கொண்டு வெறும் இரண்டு கையோடு என்ன செய்வது.

கை போகவில்லை. வேறு ஒன்று செய்தது, தானாக உயர ஆரம்பித்தது.

"யாரு" என்கிற சொல் காதில் விழுந்தால் போதும், கேள்வி என்ன என்று பார்க்காது, கை மேலே போய்விடும். யாரு இன்னைக்கு ஒன்றரை ஷிப்ட் இருக்கறீங்க என்றால் உயர்ந்தது. யாரு வேஸ்ட் மூட்டையைக் கட்டறது என்றால் உயர்ந்தது. அது பரவாயில்லை. பஸ்ஸில் கண்டக்டர் யாரு டிக்கெட் எடுக்கல என்று கேட்டார், அவள் டிக்கெட்டை ஒரு கையில் வைத்திருக்கும்போதே மூன்றாவது கை உயர்ந்தது, இன்னொரு டிக்கெட் எடுக்க வேண்டியதாயிற்று. ரேஷன் கடையில் யாருக்குப் பாமாயில் வேண்டாம் என்று கேட்டார்கள், உயர்ந்தது, அந்த மாதம் அவர்கள் வீட்டில் அப்பளம் சுட்டுத்தான் தின்றார்கள். லைன் வீட்டில் யாரு சாக்கடை அடைப்பு எடுக்கறது என்று கேட்க வந்த வீட்டுக்காரம்மா, கேள்வியை முடிக்காமலே நன்றி சொல்லிவிட்டுப் போனாள்.

ஒருநாள் செக்கிங்கிலிருந்து ஒரு மூட்டை பனியன் திரும்பி வந்தது, ஒரு பக்கம் சின்ன சைஸ் கை, மறுபக்கம் பெரிய சைஸ் கை, போட்டுக்கொண்டு நின்றால் ஒரு தோளில் அண்ணனும் மறு தோளில் தம்பியும் நிற்கிற மாதிரி இருக்கும். ஜெயபால் போன் பேசிக்கொண்டே பக்கத்துப் பண்டலில் கைவிட்டு எடுத்ததால் வந்தது அது, அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

"யாருங்க இது?" என்று நவநீதன் கேட்டான்.

கை உயர்ந்தது.

வசந்தாமணிக்கு உயிரே போய்விட்டது. நவநீதன் எல்லோர் முன்னாலும் திட்டினான், திட்டி முடித்து மூச்சு வாங்கி, "ஆனா பாருங்க, தப்புன்னா தப்புன்னு ஒத்துக்கற மனசு இந்தக் கம்பெனில இந்தக்காவுக்குத்தான் இருக்குது" என்றான். அவள் பேர் இன்னும் ஒரு படி ஏறிவிட்டது. ஜெயபால் சாயந்திரம் ஒரு பொட்டலம் முறுக்கு வாங்கி வந்து, அவளிடம் கொடுக்காமல் நேராக அந்தக் கையிடம் கொடுத்தான்.

அதற்குப் பிறகுதான் பேச்சித்தாய் டீயைக் குடிக்காமல் வைத்தாள்.

"என்ன புள்ள, ஆறுதே?"

"எக்கா, நவநீதன் நம்ம ரெண்டு டேபிளுக்கும் நடுவுல நின்னு நின்னு பாக்கான், பாத்தீயளா? நேத்து மேனேஜரும் வந்து பாத்தாரு. மூணு கைய வச்சு ரெண்டு டேபிளத் தள்ளிரலாம்னு கணக்குப் போடுதாக. ஒங்க நல்ல பேரு ஏற ஏற, எஞ்சோத்துல மண்ணு விழுகுது."

"அப்படியெல்லாம் பண்ணமாட்டாங்க."

"பண்ணமாட்டாகளா? நீங்க முடியாதுன்னு சொல்லுவியளா?"

வசந்தாமணி ஆறிய டீயைத் தன் கையால் எடுத்து அவளிடம் நீட்டினாள்.

வெள்ளிக்கிழமை நவநீதனே அவளைத் தனியாகக் கூப்பிட்டான். "நாளைக்கு டீ முடிஞ்சு மேனேஜர் லைன்ல பேசுவாருங்க்கா. ரெண்டு டேபிளுக்கு ஒரு கைமடின்னு. யாரு பாக்கறீங்கன்னு கேப்பாரு. நீங்க ஒண்ணுமே சொல்ல வேண்டாம், அந்தக் கை தூக்குனாப் போதும், உங்க இடம் அன்னைக்கே நிலை."

"பேச்சி?"

"அவங்களுக்கென்னங்க, வாய் இருக்குது, பொழச்சுக்குவாங்க."

வீட்டுக்கு வந்து துரைசாமியிடம் சொன்னாள். அவர் கூரையைப் பார்த்துக்கொண்டே யோசித்து, "தூக்கீரு" என்றார். கொஞ்சம் கழித்து, "ரெண்டு டேபிள் பாத்தா நீ எம்பக்கத்துல இன்னொரு கட்டில்லதான் படுக்கோணும்" என்றார். இன்னும் கொஞ்சம் கழித்து, "ஆனா தூக்குலீன்னா நாம என்ன பண்றது?" என்றார். அவருக்கு எல்லாப் பக்கமும் தெரிந்தது, எந்தப் பக்கமும் திரும்பத்தான் முடியவில்லை.

தூக்கினால் பேச்சித்தாய் பிள்ளைகளோடு வேறு கம்பெனி வாசலில் போய் நிற்பாள், தூக்காவிட்டால் தானே போய் நிற்கவேண்டியிருக்கும், தூக்கினால் ரெண்டு டேபிள், ரெண்டு டேபிளும் தள்ளிக் காட்டினால் மூணு டேபிள் என்பார்கள், மூணு டேபிளும் பார்த்தால் நாலாவது கை எங்கே என்று கேட்பார்கள், தூக்காவிட்டால் இத்தனை நாள் சேர்த்த பேர் தைத்த நூலை உருவினதுபோல ஒரே இழுப்பில் போய்விடும். இதையெல்லாம் நினைத்துக்கொண்டே சனிக்கிழமை காலையில் முந்தானையால் அந்தக் கையை இடுப்போடு கட்டினாள், அது கேட்டைத் தாண்டுவதற்குள் முடிச்சை அவிழ்த்துவிட்டது. தூக்குச்சட்டியைக் கொடுத்துப் பிடிக்கச் சொன்னாள், அது எட்டி, இருக்க வேண்டிய இடத்தில் ஒழுங்காக வைத்துவிட்டு மறுபடியும் வெறுங்கையாக நின்றது. "இன்னைக்கு ஒருநாள் சும்மா இரு சாமி" என்று அதனிடம் கெஞ்சினாள், அதற்குக் காது இல்லை, கேட்கிறவர்களுக்கு ஆமாம் சொல்ல மட்டும்தான் தெரியும்.

டீ முடிந்தது. மிஷின்களை நிறுத்தச் சொன்னார்கள், மிஷின்கள் நின்றதும் கம்பெனிக்குள் ஃபேன் சத்தம் கேட்டது, அப்படி ஒரு சத்தம் அங்கே இருப்பதே பலருக்கு அன்றுதான் தெரிந்தது. எல்லோரும் வேஸ்ட் துணி மூட்டைகள்மேல் உட்கார்ந்தார்கள். வசந்தாமணிக்குப் பக்கத்தில் பேச்சித்தாய் உட்கார்ந்தாள். மேனேஜர் கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, கம்பெனி எல்லோருக்கும் ஒரு குடும்பம் மாதிரி என்று ஆரம்பித்து, ஆர்டர் நிலைமை சரியில்லை என்று போய், எல்லோர் தலையும் மெல்லத் திரும்பி வசந்தாமணியின் வலது பக்கத்தைப் பார்க்க ஆரம்பித்தபோது கடைசி வரிக்கு வந்தார்.

"அதனால இனிமே ரெண்டு டேபிளுக்கு ஒரு கைமடிங்க. மொதல்ல இந்த ரெண்டு டேபிள்ல ஆரம்பிக்கலாம். யாரு..."

அந்தக் கை விரல்களை விரித்தது. புடவையைச் சரி செய்கிறவள்போல வசந்தாமணி லேசாக எழுந்தாள், தன்னுடைய இரண்டு கையாலும் அதன் மணிக்கட்டைப் பிடித்தாள், பிடித்து இழுத்து மூட்டைமேல் அமுக்கி, டாக்டர் குறைக்கச் சொன்ன உடம்பு முழுவதையும் அதன்மேல் வைத்து உட்கார்ந்தாள்.

"...பாக்கறீங்க?" என்று மேனேஜர் முடித்தார்.

கை விடவில்லை. அது கீழேயிருந்து தள்ளியது, வசந்தாமணி மேடுபள்ளமான ரோட்டில் பஸ்ஸில் போகிறவள்போல ஏறி இறங்கினாள், முகத்தை மட்டும் அசையாமல் வைத்துக்கொண்டாள். பேச்சித்தாய் ஓரக்கண்ணால் பார்த்தாள், என்ன நடக்கிறதென்று புரிந்தது, இடம் போதாதவள்போல நகர்ந்து நகர்ந்து வந்து வசந்தாமணியின் மடியில் பாதி ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஆட்டம் நின்றது.

நவநீதன் காதுப் பேனாவைத் தொட்டுக்கொண்டு கிட்ட வந்தான். "ஏனுங்க்கா, கை எங்கீங்க?"

"மரத்துப்போச்சு தம்பி."

"மூணுமா?"

"அது ஒண்ணுதானுங்க. மத்த ரெண்டும் ஒரு டேபிளுக்குத்தான் வரும்."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள், அடக்கியது இன்னொருவருக்குத் தொற்றியது, ஜெயபால் இருமுவதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டான். மேனேஜர் லைன் முழுக்கக் கண்ணை ஓட்டினார், எல்லோருடைய கையும் மடியில் இருந்தது, முறுக்கென்றால் முந்திக்கொண்டு நீளுகிற கைகள்கூட. அவர் மறுபடியும் கழுத்தைத் துடைத்தார். "சரி, இந்த ஆர்டர் முடியட்டும், பாக்கலாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவர் வண்டிச் சத்தம் கேட்டைத் தாண்டுகிற வரைக்கும் இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை.

"எக்கா," என்றாள் பேச்சித்தாய், "இனிமே நீங்க மெலியப்படாது."

அந்த ஆர்டர் முடிந்தது, அடுத்த ஆர்டர் வந்தது, இரண்டு டேபிளிலும் இரண்டு கைமடிகள் இருந்தார்கள். நவநீதன் சொன்ன ஒரு மாசமும் எப்போதோ ஓடிப்போயிருந்தது, நிலையாக வைத்துக்கொண்டோம் என்று யாரும் சொல்லவில்லை, போ என்றும் யாரும் சொல்லவில்லை, திங்கட்கிழமை போனால் ஸ்டூல் அங்கேயே இருந்தது. புதிதாக யாராவது வந்து மூணு கை அக்கா எப்படி என்று கேட்டால், "ஒரு டேபிள் குடுத்தா அந்த டேபிள்ல சைஸ் மாறாதுங்க, அதுக்கு மேல கேக்காதீங்க" என்று நவநீதன் சொல்கிறானாம். அந்தக் கை இன்னும் இருக்கிறது, கத்தரி எடுத்துக் கொடுக்கிறது, இடுப்பு நீவுகிறது, கோயிலில் திருநீறு வாங்குகிறது. ஆனால் பத்துப் பேர் கூடுகிற இடத்தில் எவராவது எழுந்து நின்று தொண்டையைக் கனைத்தால், அது கம்பெனியாக இருந்தாலும் சரி, ரேஷன் கடையாக இருந்தாலும் சரி, லைன் வீட்டு முற்றமாக இருந்தாலும் சரி, வசந்தாமணி முதலில் கையைக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துவிடுவாள், உட்கார்ந்து நன்றாக அமர்ந்துகொண்ட பிறகுதான் என்ன விஷயம் என்று கேட்பாள், பக்கத்தில் பேச்சித்தாய் இருந்தால் மடியில் கொஞ்சம் இடம் விட்டு.